குட்டி மிரள்கிறது, என்ன செய்ய? – வாசகர் கேள்வி பதில்

ஆடிச் சந்தை கலைந்து, தீபாவளி நெருங்கும் நேரம். புதிதாகக் குதிரைக்குட்டி வாங்கியவர்களின் கேள்விகள் வரிசையாக வந்திருக்கின்றன. முதுகில் ஏறுவது, வண்டியில் பூட்டுவது பற்றியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, தரையில் நின்று கையாள்வது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

அந்தியூர் சந்தையில் 14 மாத ஆண் குட்டி வாங்கினேன். கழுத்தில் கயிறு போட்டு நாலு பேர் இழுத்துத்தான் வண்டியில் ஏற்றினோம். இப்போது கொட்டகைக்குள் நுழைந்தாலே மூலைக்கு ஓடிப் பின்பக்கத்தைக் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோபிச்செட்டிப்பாளையம்

முதல் மூன்று நாளைக்கு எதையும் தொடங்காதீர்கள். தண்ணீர், தீனி, சாணம் அள்ளுவது, இவ்வளவுதான் உங்கள் வேலை. சந்தைக் கூச்சல், பயணம், பழகிய முகம் ஒன்றுகூட இல்லாத இடம் என்று எல்லாம் சேர்ந்து வந்திருக்கும் குட்டி அது. கூட்டத்தோடு வாழப் பிறந்த விலங்கைத் தனியாக நிறுத்தினால், காவல் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. காது ஓயாது, படுத்துத் தூங்காது. வயதான, அமைதியான இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருந்தால் உங்கள் பாதி வேலை குறையும். அதற்கு வழியில்லை என்றால் ஓர் ஆட்டையாவது பக்கத்தில் கட்டுங்கள்.

நான்காம் நாள் முதல் பயிற்சிக்கு ஓர் அடைப்பு வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். வேலி குட்டியின் கண் மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். முள்கம்பி வேண்டவே வேண்டாம். கொட்டகை மூலையில் ஒதுங்கி நிற்கும் குட்டியிடம் போய்ப் பழக நினைப்பது, உதை விழும் இடத்துக்கு நீங்களே நடந்து போவதுதான்.

அடைப்புக்குள் நேராக அதன் முகத்தை நோக்கி நடக்காதீர்கள். தோள்பட்டையைக் குறிவைத்துச் சற்று வளைந்து நடங்கள். ஓரிடத்தில் தலை உயரும், அல்லது காது உங்கள் பக்கம் குத்திட்டு நிற்கும், அல்லது ஒரு கால் நகரும். அதுதான் எல்லைக்கோடு. அதற்கு ஓரடி முன்பே நில்லுங்கள். குட்டி காலை நகர்த்தாமல் நின்று, உங்களைப் பார்த்து, மூச்சை விட்டதும், நீங்கள் திரும்பி நாலடி விலகிப் போங்கள். நின்றால் இந்த ஆள் போய்விடுவார் என்பதுதான் அது படிக்க வேண்டிய முதல் பாடம். பலரும் தெரியாமல் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குட்டி பாய்கிறது, ஆள் பின்வாங்குகிறார். ஓடினால் தப்பிக்கலாம் என்று அது முடிவு கட்டுகிறது. நெருங்கும்போது அது எதையும் கற்பதில்லை, நீங்கள் விலகும் அந்த நொடியில்தான் கற்கிறது. எந்த நொடியில் விலகுகிறீர்கள் என்பதை வைத்தே எல்லாம்.

இப்படி எல்லைக்கோடு ஒவ்வொரு முறையும் சற்றுக் குறையும். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை போதும். கை எட்டும் தூரம் வந்ததும் நெற்றியைத் தொட ஆசை வரும். தொடாதீர்கள். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னேயும், மூக்குக்குக் கீழேயும், வாலுக்கு நேர் பின்னேயும் கண் தெரியாது. அங்கே வரும் கை திடீரென்று முளைத்த கை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான். அங்கே சொறியும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் பட் பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாசம். மிரண்ட குட்டிக்கு அது அடி.

கழுத்து, தோள், முதுகு என்று இரண்டு பக்கமும் தொடவிட்ட பிறகே ஹால்டர், அதாவது வாயில் கடிவாளம் இல்லாமல் தலையில் மாட்டும் பட்டை. கடையில் வாங்கும்போது குட்டிக்கான அளவைக் கேளுங்கள். மூக்குப்பட்டை கன்ன எலும்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். அதைவிடக் கீழே இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய நுனியையும் மூச்சையும் அழுத்தும். பட்டைக்குள் இரண்டு மூன்று விரல் நுழையும் தளர்வு போதும். அதிகம் தளர்ந்தால் காதைச் சொறியத் தூக்கும் பின்னங்கால் உள்ளே மாட்டும். இரவில் கழற்றிவிடுங்கள். ஹால்டரோடு விட்ட குட்டி ஓர் ஆணியில் மாட்டினாலே கழுத்து போய்விடும்.

கடைசியாகக் கயிறு. பருத்திக் கயிறு, கட்டைவிரல் பருமன், மூன்றரை மீட்டர் நீளம். நைலான் கையை அறுத்துவிடும். கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு கிலோ எடை தொங்கும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்து, காத்திருங்கள். அந்தப் பக்கம் ஓரடி வேண்டாம், மூக்கு அரை அங்குலம் திரும்பினாலே உடனே கயிற்றைத் தளர விடுங்கள். நேர் முன்னால் நின்று இழுத்தால் நிமிர்ந்து பின்னுக்கு இழுக்கும், முன்கால் தூக்கும், மல்லாந்தும் விழும். பின்மண்டை தரையில் மோதி இறந்த குட்டிகள் உண்டு. சந்தையில் நாலு பேர் இழுத்தது அந்த ஆபத்தோடுதான்.

நடுவில் ஒன்று: கால்நடை மருத்துவரை வரவழைத்து ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிரைக்கு அந்த நோய் வெகு எளிதில் பிடிக்கும். போட்டதற்குச் சான்று இல்லையென்றால் போடாத கணக்குத்தான். நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. கூடவே உங்களுக்கும் ஒன்று.

நடத்திப் போகும்போது பைக் சத்தம் கேட்டால் என் மேலேயே பாய்கிறது. போன வாரம் காலை மிதித்துவிட்டது. இரண்டு வயது, கத்தியவாரிக் கலப்பு. இறுக்கிப் பிடித்தால் இன்னும் துள்ளுகிறது.
– வாசகர், மேலூர்

உங்கள் மேல் கோபத்தில் பாயவில்லை. பயந்த பொருளுக்கு எதிர்த்திசையில் பாய்கிறது. அந்தத் திசையில் நீங்கள் நிற்கிறீர்கள். இடது பக்கம் நின்று நடத்துவதுதான் வழக்கம் என்பதால், வலது பக்கம் வரும் பைக்குக்கும் குதிரைக்கும் எதிர்ப்புறம் எப்போதும் உங்கள் கால்தான். எனவே மிரட்டும் பொருள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நீங்களும் நில்லுங்கள். அதற்கு, இரண்டு பக்கமும் நின்று நடத்த அதைப் பழக்கியிருக்க வேண்டும். வலது பக்கம் நடப்பது முதல் வாரம் இருவருக்குமே கோணலாக இருக்கும். வீட்டு அடைப்புக்குள்ளேயே அந்தக் கோணலைத் தீர்த்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

நிற்கும் இடம் தோளுக்கு நேர், ஒரு கை நீளம் தள்ளி. குதிரைக்கு அருகே உள்ள கை கயிற்றைத் தாடைக்கு ஒரு சாண் கீழே பிடிக்கட்டும். மிச்சக் கயிற்றை மற்றக் கையில் மடித்து மடித்துப் பிடியுங்கள். வளையமாகச் சுற்றக் கூடாது. கையில் சுற்றிய கயிறு இறுகினால் விரல் போகும், சில நேரம் ஆளே இழுபட்டுப் போவார். காலில் மூடிய காலணி, கையில் தோல் கையுறை, தலையில் ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டானாலும் சரி, வெறுந்தலையைவிட நல்லது. மடித்துக் கட்டிய கைலியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. கைலி அவிழ்ந்து பறந்தால் அதற்கும் சேர்த்து மிரளும்.

மிரளும் கணத்தில் கயிற்றை இறுக்குவது இயல்பான கை. ஆனால் ஓட வழியில்லாத குதிரைக்கு மிச்சம் இருப்பது துள்ளலும் உதையும்தான். எனவே ஒரு மீட்டர் கயிறு விடுங்கள். விட்ட பிறகு நேர்ப் பின்னால் இழுக்காமல், தலையை உங்கள் பக்கம் வளைத்து, நீங்கள் தோளை ஒட்டியே நகருங்கள். தலை வளைந்தால் பின்பாகம் எதிர்ப்புறம் சுழலும். வளைந்த குதிரையால் நேராகப் பாய முடியாது. நின்றதும் கயிறு தளரட்டும். பயந்த பொருளை அது திரும்பிப் பார்க்க விடுங்கள். பார்க்கவிடாமல் தலையைத் திருப்பி நடத்திப் போனால், ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே தப்பித்ததாக நினைக்கும். அடுத்த முறையும் அதே துள்ளல்.

பிறகு என்ன? அந்தப் பொருளிடம் இழுத்துப் போகாதீர்கள். பத்தடி பின்வாங்கி, தலை இறங்கும் தூரத்தில் நில்லுங்கள். தீனி கொடுத்தால் வாங்கித் தின்கிறதா என்பது நல்ல அளவுகோல். தின்றால் பாடம் ஏறும். வெல்லத்தைக்கூட மறுத்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். மிரண்டதற்காகச் சாட்டையால் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பைக் வந்தால் வலிக்கும் என்பதை அவர்களே உறுதிப்படுத்துகிறார்கள்.

மீறி ஓடினால் விட்டுவிடுங்கள். ஓடிய குதிரையைப் பிடித்துவிடலாம்.

கடிவாளம் போட்டு இழுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயதில் பால்பற்கள் விழும் காலம் நெருங்குகிறது, வாய் அப்போதே நோகும். முள் வைத்த கடிவாளத்தை நினைத்தே பார்க்காதீர்கள். பாரமிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதிகளின்படியே அது குற்றம்.

பிளாஸ்டிக் பை, குடை, தார்ப்பாய் எதைக் கண்டாலும் ஆகாது. கட்டிப்போட்டு, அடங்கும்வரை சாக்கை வீசி வீசிக் காட்டினால் சரியாகும் என்று எங்கள் ஊர்க் குதிரைவண்டிக்காரர் சொல்கிறார். செய்யலாமா? தீபாவளி வெடிக்கு என்ன செய்வது?
– வாசகர், பொள்ளாச்சி

அவர் சொல்வது பழைய முறை. சில குதிரைகளிடம் பலித்ததுபோலத் தோன்றும். அடங்கியது போல நிற்கும் குதிரையின் இதயத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். அமைதியான வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, இளசுக்குச் சற்றுக் கூடுதல். சாக்கு வீசி அடக்கிய குதிரைக்கு அது 100-ஐத் தாண்டியிருக்கலாம். அது உறைந்து நிற்கிறது, பழகவில்லை. இரண்டாவது ஆபத்து, நடுவில் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பது. உச்சப் பயத்தில் தப்பித்த அந்த ஒரு தடவை, பத்து நாள் பயிற்சியை அழித்துவிடும்.

கட்டாமல், நீளக் கயிற்றில் பிடித்துச் செய்யும் வழி இது. ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சியின் நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி உதவியாளரிடம் கொடுங்கள். அவர் 10 மீட்டர் தள்ளி, குதிரையை விட்டு விலகி நடக்கட்டும். நீங்கள் குதிரையோடு பின்தொடருங்கள். துரத்த வரும் பொருள்தான் குதிரைக்குப் பயம். தன்னை விட்டு ஓடும் பொருளிடம் அதற்குத் துணிச்சல் வரும். நாலைந்து சுற்றில் அதுவே நடையை வேகப்படுத்திப் பையை முகரப் பார்க்கும். முகர்ந்த உடனே பையைக் கீழே இறக்குங்கள்.

அடுத்தது, குதிரை நிற்க, பையை இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒரே தாளத்தில் ஆட்டுவது. கால் நகர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், வேகத்தை மட்டும் குறையுங்கள். நான்கு காலும் நின்று தலை ஒரு விரற்கடை இறங்கிய அந்தக் கணமே நிறுத்துங்கள். துள்ளும்போது நிறுத்தினால் துள்ளலைத்தான் கற்றுக்கொடுத்தீர்கள். துள்ளல் பலமாக இருந்தால் நீங்கள் தொடங்கிய தூரம் தவறு. அடுத்த சுற்றில் இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள். பிறகு பையைத் தோளில் தேய்ப்பது, முதுகில் வைப்பது, வயிற்றடியில் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். குடையும் இப்படித்தான்: மடித்த குடையை முகரவிட்டு, பாதி விரித்து, முழுதும் விரித்து. தானாக விரியும் பட்டன் குடையைக் கொண்டு தொடங்க வேண்டாம்.

இடக் கண்ணில் பார்த்தது வலக் கண்ணுக்குத் தெரியாது என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். முழு உண்மை அல்ல. ஒரு கண்ணால் படித்ததை மறு கண்ணால் அடையாளம் காண்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு பொருளைத் திருப்பி வைத்தால் அதே குதிரைக்கு அது வேறு பொருளாகத் தெரியலாம். போகும்போது பார்த்த பாறையைத் திரும்பி வரும்போது கண்டு மிரள்வது அதனால் இருக்கலாம். காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: இரண்டு பக்கமும், போகும் வழியும் வரும் வழியும் காட்டுங்கள்.

வெடிக்கு மூன்று நாலு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வெடிச்சத்தம், தவில், பறை எதையும் போனில் பதிவு செய்து, தீனி நேரத்தில் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒலிக்கவிடுங்கள். தின்பதை நிறுத்தாத வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை சற்றுக் கூட்டலாம். நிறுத்தினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். இப்போதே அவகாசம் குறைவு என்றால், அன்று இரவுக்கு மட்டுமான ஏற்பாடு செய்யுங்கள்: பழகிய லாயம், கட்டாமல் அடைத்த கதவு, வெளியே மின்னும் வெளிச்சம் எடுபடாதபடி உள்ளே விளக்கு, கூட ஒரு குதிரை, நிறையக் காய்ந்த புல். உள்சுவரில் ஆணி, வாளிக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். மயக்க மருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமாகக் கொடுக்கப்படும் அசிப்ரோமசின் உடலைத் தளர்த்தும், பயத்தை எடுக்காது. ஆண் குதிரைகளில் குறி வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் கையால் மட்டும்.

நெற்றியில் சுழி சரியில்லாததால்தான் மிரள்கிறது என்கிறார் தரகர். விற்றுவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

சுழி விலையை மாற்றும். மிரட்சிக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டாம். விற்கச் சொல்பவர் வாங்க ஆளையும் வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

முளையில் கட்டினால் ஒரேயடியாகப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றை அறுக்கிறது. மூன்று கயிறு போயாச்சு. சங்கிலி போடலாமா?
– வாசகர், கயத்தாறு

வேண்டாம். கயிறு அறுவதைவிடக் கழுத்து ஒடிவது மோசம். உச்சந்தலையில் அழுத்தம் விழுந்தால் அதை எதிர்த்து இழுப்பது குதிரையின் பிறவிக் குணம். அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்கக் கற்காத குட்டியைக் கட்டினால் எந்தக் குட்டியும் இதைத்தான் செய்யும். உங்கள் குட்டி கூடுதலாக, இழுத்தால் அறுந்துவிடும் என்பதையும் மூன்று முறை கற்றிருக்கிறது.

கட்டுவதைச் சில வாரம் நிறுத்துங்கள். காதுகளுக்குப் பின்னால் கையை வைத்து மெதுவாக அழுத்தி, தலை ஓர் அங்குலம் இறங்கியதும் கையை எடுங்கள். பிறகு ஹால்டர்க் கயிற்றைக் கீழ்நோக்கிப் பிடித்து அதையே செய்யுங்கள். அழுத்தம் வந்தால் தலை தானாக இறங்கும் நிலை வந்ததும், வழவழப்பான கனமான தூணில் கயிற்றை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கயிறு வேண்டும், ஏழு மீட்டர். குட்டி பின்னுக்குப் போனால் கயிறு தூணில் உரசிக்கொண்டே வழுக்கும். இறுகாது, விடுபடவும் செய்யாது. நின்றதும் முன்னால் அழைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இது அலுப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி இல்லை.

நிஜமாகக் கட்டும் நாளில் தூணில் கட்டுங்கள். தரையில் அடித்த முளை, வண்டிச் சக்கரம், கதவு, பலகை எதுவும் ஆகாது. பிடுங்கிக்கொண்டு ஓடும்போது பின்னாலேயே துரத்தும் பலகையைவிடப் பெரிய பேய் குதிரைக்குக் கிடையாது. முதுகு மேட்டின் உயரத்திலோ அதற்கு மேலோ கட்டு, முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகமான கயிறு, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் மெல்லிய சணல் வளையம் ஒன்று போட்டால், உண்மையான ஆபத்தில் அது அறுந்து உயிரைக் காக்கும். ஆனால் இழுத்துப் பழகிய குட்டி அதையும் அறுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான், இழுக்கும் பழக்கம் போகும் முன் கட்டாதீர்கள் என்கிறோம். கழுத்தில் உருவாஞ்சுருக்குப் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்னங்காலைக் கயிற்றால் பிணைத்து வைப்பதும் குளம்புக்கு மேலே அறுத்துப் புண்ணாக்கும்.

லாடம் அடிப்பவர் வந்தால் பின்னங்காலைத் தொடவே விடுவதில்லை. மூக்கில் முறுக்குக் கட்டை போடுகிறார். போன முறை காதை முறுக்கினார். சரியா?
– வாசகர், தாம்பரம்

காதை முறுக்குவது எந்தச் சூழலிலும் தவறு. வலியில் நிற்கும், பிறகு வாழ்நாள் முழுவதும் தலையைத் தொடவிடாது. ஹால்டர் மாட்டுவதே போராட்டமாகிவிடும். மேலுதட்டில் போடும் முறுக்குக் கட்டை அவசரச் சிகிச்சைக்கு, ஐந்து நிமிடத்துக்குள் முடியும் வேலைக்கு என்றால் ஏற்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் குளம்பு வேலைக்கு அதையே நம்பியிருக்க முடியாது.

லாடம் அடிப்பவர் வரும் நாளில் கற்றுக்கொடுக்கப் பார்ப்பதுதான் தவறு. அதற்கு முந்தைய மாதம் நீங்கள் செய்ய வேண்டியது: பழைய கையுறைக்குள் துணியைத் திணித்து, ஒரு மீட்டர் குச்சியில் கட்டுங்கள். தோளருகே நின்றபடி அந்தக் கையால் பிட்டம், தொடை, முழங்கால் என்று மெதுவாகத் தடவிக்கொண்டே இறங்குங்கள். உதைத்தால் உதை வாங்குவது குச்சி. நீங்கள் குச்சியை எடுக்காமல் கூடவே கொண்டுபோய், கால் ஊன்றியதும் எடுங்கள். உதைத்தவுடன் எடுத்தால் உதை பலிக்கிறது என்று தெரிந்துகொள்ளும். குச்சிக்கு அசையாமல் நிற்கும்போதுதான் உங்கள் கை. தோளிலிருந்து உடம்பை விட்டுக் கை எடுக்காமல், இடுப்பை ஒட்டி நின்று இறங்குங்கள். ஒரு மீட்டர் தள்ளி நிற்பதுதான் உதை முழு விசையோடு விழும் இடம்.

முதல் நாள் குளம்பு தரையை விட்டு எழுந்தாலே போதும், இரண்டு நொடியில் கீழே வையுங்கள். அது பிடுங்கும் முன் நீங்கள் வைக்க வேண்டும். தாழ்வாகப் பிடியுங்கள்; பக்கவாட்டில் இழுத்தால் இளம் மூட்டு வலிக்கும், மூன்று காலில் நிற்கும் நிதானமும் அதற்கு இன்னும் வரவில்லை. லாடம் அடிப்பவர் முதல் முறை அரம் மட்டும் போடட்டும், அதுவும் நாளைக்கு இரண்டு கால். அவருடைய கூலியைக் குறைக்காதீர்கள், பொறுமையாக வருவார்.

20 மாதக் குட்டிக்குத் தினம் இரண்டு கிலோ கொள்ளும் தவிடும் வைக்கிறேன். எந்நேரமும் லாயத்தில்தான். வெளியே எடுத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கிறது.
– வாசகர், தாராபுரம்

பட்டாசை நீங்களே நிரப்புகிறீர்கள். 220 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதலில் தேவை காய்ந்த புல், சோளத்தட்டை போன்ற நார்த்தீனி, நாளைக்குக் குறைந்தது நாலரை ஐந்து கிலோ. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, அரைக் கிலோ முக்கால் கிலோவுக்கு மேல் போகாமல், இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ஒரே நாளில் குறைக்க வேண்டாம், பத்து நாளில் படிப்படியாக. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. வளரும் குட்டிக்குத் தவிடே முக்கியத் தீனியானால் எலும்பு கெடும். அதைவிட முக்கியம், தினமும் பல மணி நேரம் அவிழ்த்து விட ஓர் இடம். அடைத்து வைத்த குட்டியைப் பயிற்சிக்கு எடுக்கும் முன் அரை மணி நேரம் தானாக ஓடித் தீர்க்கட்டும். நீங்கள் துரத்தி ஓட்டாதீர்கள்.

மூன்று வயதுப் பெண் குதிரை. அமைதியானதுதான். ஒரு மாதமாக வலது பக்கம் போனால் மட்டும் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் கண்ணில் நீர் வடிகிறது.
– வாசகர், காரைக்குடி

இதற்குப் பயிற்சி தேவையில்லை, மருத்துவர் தேவை. இன்றே அழையுங்கள். நீர் வடிதல், பாதி மூடிய இமை, வெளிச்சத்துக்குக் கூசுதல், கருவிழியில் நீலம் கலந்த மங்கல் ஆகியவை கண்ணின் உள்பகுதி அழற்சிக்கு அறிகுறி. விட்டு விட்டு வந்து கடைசியில் பார்வையைப் பறிக்கும் நோய் அது. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடும். அதுவரை வலது பக்கம் போகும்போது முதலில் குரல் கொடுங்கள்.

பொதுவாகவே, நன்றாக இருந்த குதிரை திடீரென்று மிரளத் தொடங்கினால் கண், பல், முதுகு, வயிறு இவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு குணத்தைக் குறை சொல்லலாம்.

எங்கள் குதிரைக்குட்டி ‘குட்டி யானை’ (சிறு சரக்கு) வண்டியில் ஏற மறுக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு வாரம் இருக்கிறது.
– வாசகர், நாமக்கல்

இரண்டு வாரம் தாராளம். முதலில் வண்டியை மாற்றுங்கள். பக்கச் சட்டம் தாழ்ந்த வண்டியில் மிரளும் குட்டி வெளியே குதிக்கும். உயரமாகக் கூண்டு கட்டிய பிக்கப் வேண்டும். வண்டித் தளத்துக்குச் சமமாக மண்மேடு இருக்கும் இடத்தில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் ஏறுவதற்குப் படியே இல்லை. இடையில் சந்து இருந்தால் கால் மாட்டும், மூட்டை வைத்து அடைத்துவிடுங்கள். தகரத் தளத்தில் தேங்காய்நார்ப் பாயும் மேலே மணலும் போட்டால் வழுக்கலும் சத்தமும் போகும். வெயிலிலிருந்து இருட்டுக்கு மாறக் குதிரைக் கண்ணுக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும். தார்ப்பாயால் மூடியிருந்தால் கழற்றுங்கள், அல்லது வாசலில் ஒரு நிமிடம் நிற்கவிடுங்கள்.

முதல் நாள் வண்டியைப் பார்த்தபடி தீனி. அடுத்து, ஒரு முன்னங்காலை வைத்ததும் அதுவாகப் பின்வாங்கும் முன் நீங்களே பின்வாங்கச் சொல்லுங்கள். இறங்க முடியும் என்று தெரிந்த குட்டிதான் ஏறும். இரண்டு கால், நான்கு கால், உள்ளே நின்று தின்பது, எஞ்சின் ஓட நிற்பது, நூறு மீட்டர் போய் வருவது என்று நீட்டுங்கள். பின்னால் கயிறு போட்டு இரண்டு பேர் தள்ளினால் ஒரு முறை ஏறும், மருத்துவமனையிலிருந்து திரும்ப ஏறாது.

ஏற்றியதும், குட்டிக்குப் பின்னால் குறுக்கே வைக்கும் பின்கம்பைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்டுங்கள். இறக்கும்போது தலைக்கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்த பிறகே பின்கம்பை எடுங்கள். வரிசை மாறினால், தலை கட்டுண்டு பின்பக்கம் திறந்த நிலையில் குட்டி வண்டியிலிருந்து பின்னோக்கி விழும்.